பல்லில்லாத வாய்க்கு எந்தப் பாத்திரம்?

பெட் ஷாப் அலமாரியில் இருக்கும் சாப்பாட்டுப் பாத்திரங்கள் அத்தனையும் பல் உள்ள நாய்க்குச் செய்தவை. ‘கடித்தாலும் ஒன்றும் ஆகாது’ என்று ஒன்றின் அட்டையில் போட்டிருக்கும். ‘அவசரமாக விழுங்குவதைத் தடுக்கும்’ என்று இன்னொன்றில். எங்கள் ஜிம்மிக்கு இந்த இரண்டு வம்பும் கிடையாது. 13 வயது ஸ்பிட்ஸ். நம் ஊரில் பொமரேனியன் என்று பெயர் சொல்லி விற்கிறார்களே, அந்த வெள்ளை நாய். சின்ன ஜாதி நாய்களுக்கு ஈறு நோய் சகஜம். இவனுக்கு அது முற்றி, ஆடிக்கொண்டிருந்த மிச்சப் பற்களையும் மயக்க மருந்து கொடுத்து எடுத்தாயிற்று. புண் ஆறி, பசியும் திரும்பிவிட்டது. ஆனால் போட்ட சோற்றில் பாதி தரையில் கிடந்தது. எதைக் கொடுக்கலாம் என்று சொல்ல டாக்டர் முதல் பக்கத்து வீடு வரை ஆள் உண்டு. எதில் கொடுப்பது என்று கேட்டால்தான் எல்லோரும் முழிக்கிறார்கள்.

வளர்ந்த நாய்க்கு 42 பல். இருந்தும் நம்மைப் போல மென்று கூழாக்கும் பழக்கம் அதற்கு இல்லை. தாடை மேலும் கீழும்தான் அசையும். பக்கவாட்டில் போட்டு அரைக்காது. கடைவாய்ப் பல்லால் வெட்டும், விழுங்கும், மீதியை வயிறு பார்த்துக்கொள்ளும். அதனால் பல் போன நாயால் சாப்பிடவே முடியாது என்று பயப்பட வேண்டியதில்லை. நஷ்டம் வேறு இடத்தில். மேலே ஆறு, கீழே ஆறு என்று முன்னால் இருக்கும் பற்கள்தான் சோற்றைக் கவ்வி வாய்க்குள் எடுப்பவை. கோரைப் பற்கள் நாக்கு வெளியே சரியாமல் காப்பவை. கீழ்க் கோரைப் பல் இரண்டும் இல்லாத நாய்கள் பலவற்றுக்கு நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கும். ஜிம்மிக்கு இடது பக்கம்.

ஆக, மிச்சம் இருக்கும் ஒரே கருவி நாக்கு. அது சோற்றைத் தொட்டதும் முதலில் முன்னால் தள்ளுகிறது, பிறகுதான் வழித்து உள்ளே இழுக்கிறது. கிட்டே உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: ஒவ்வொரு தடவை நக்கும்போதும் சோற்றுக் குவியல் அரை அங்குலம் முன்னே நகரும். பாத்திரத்தின் உட்பக்கம் சரிவாக இருந்தால் சோறு அந்தச் சரிவில் ஏறி, விளிம்பைத் தாண்டி வெளியே விழும். நாயும் பின்னாலேயே போய்த் தரையை நக்கும். சுவர் நேராக நின்றால் சோறு அதில் முட்டி நிற்கும், நாக்குக்கு வசமாக மாட்டும். ஒவ்வொரு பாத்திரத்திலும் நான் பார்த்தது இந்த ஒன்றைத்தான்: முன்பல் செய்த வேலையைச் சுவர் செய்கிறதா?

சோதனை பெரிய விஞ்ஞானம் எல்லாம் இல்லை. குழைய வடித்த சாதம், வேகவைத்த கோழி, மிக்ஸியில் ஒரு சுற்று. ஒரு வேளைக்கு 150 கிராம். கீழே பழைய செய்தித்தாள். முடிந்ததும் பாத்திரத்தில் ஒட்டியதையும் தாளில் சிந்தியதையும் சமையலறைத் தராசில் தனித்தனியாக நிறுத்தேன். ஸ்பிட்ஸுக்கு மூஞ்சி நீளம் என்பதால், எதிர் வீட்டு அக்காவின் பக் நாய் லட்டுவையும் சேர்த்துக்கொண்டேன். சப்பை மூக்கு, வாயில் இரண்டோ மூன்றோ பல்தான் பாக்கி, பசிக்கு மட்டும் எல்லையில்லை.

முதலில் எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஸ்டீல் பாத்திரம்: வெளியே பாவாடை போல விரிந்த அடி, உள்ளே கிண்ணம், கீழே ரப்பர் வளையம். 250 ரூபாய் சுற்றி. கவிழாது என்பது உண்மை. ஆனால் உட்பக்கம் முழுக்க வளைவு. நான் சொன்ன சரிவு இதில்தான் அச்சாக இருக்கிறது. ஆழமும் அதிகம் என்பதால் கன்னத்து முடி குழம்பில் ஊறி, காய்ந்து, சிக்காகிவிடுகிறது. இந்த மாதிரிப் பாத்திரங்களில் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கழுவின தண்ணீர் தேங்கி, வழவழவென்று ஒரு படலம் படிந்திருக்கும், முகர்ந்தால் புரியும். ஒட்டாத வளையம் என்றால் கழற்றிக் கழுவிவிடலாம். பசை போட்டு ஒட்டியதை வாங்காதீர்கள்.

அடுத்தது உள்ளே மேடும் பள்ளமுமாகப் புதிர் வைத்த ‘ஸ்லோ ஃபீடர்’. பல் இல்லாத நாய்க்கு இது வேண்டவே வேண்டாம். கூழ் பதத்தில் போட்டது பள்ளத்தில் இறங்கிவிடுகிறது, நாக்கு நுனி அங்கே எட்டவில்லை. மூன்றில் ஒரு பங்கு சோறு உள்ளேயே தங்கியது. எட்டாததை எடுக்க நாய் ஈறை மேட்டில் வைத்து அழுத்துகிறது. அதைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன். சின்ன நாய்களுக்கு ஈறு நோய் தாடை எலும்பையே கரைத்திருக்கும். அந்தக் கீழ்த்தாடை லேசான அடியிலும் முறியக்கூடியது. பெருந்தீனிக்காரனை நிதானப்படுத்தச் செய்த சாமானைப் பல் போன கிழவனிடம் நீட்டுவதில் அர்த்தம் இல்லை.

ஆச்சரியப்படுத்தியது சிலிகான் நக்கும் பாய். லிக் மேட் என்று கேட்டால் 300, 400 ரூபாயில் கிடைக்கும். முள் முள்ளாகவும் கட்டம் கட்டமாகவும் இருக்கும் தட்டையான பாய். மேலே மசித்ததைத் தடவிக் கொடுப்பது. நாக்கு ஒன்றையே நம்பிச் செய்த சாமான் இது. பல் உள்ள நாய் கடித்துத் துண்டு துண்டாக்கி விழுங்கிவிடுமோ என்பதுதான் இதைப் பற்றிய வழக்கமான எச்சரிக்கை. நம் ஆளுக்கு அந்தப் பயம் இல்லை. தயிர், மசித்த பூசணி, வேகவைத்த ஈரலை அரைத்தது, மூன்றுமே சுத்தமாக வழிக்கப்பட்டன. ஆனால் முழுச் சாப்பாடு இதில் நடக்காது. ஐம்பது அறுபது கிராமுக்கு மேல் தடவினால் வழிகிறது. டைல்ஸ் தரையில் அடியில் உள்ள உறிஞ்சு கிண்ணங்கள் பிடித்துக்கொள்கின்றன, சிமென்ட் தரையில் பிடிப்பதில்லை. கோழிக் கொழுப்பு வாடை சிலிகானை விட்டுப் போக வெந்நீரில் ஊறவைத்தே ஆக வேண்டும். மாத்திரையைப் பொடி செய்து கலந்து கொடுக்க மட்டும் இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை.

ஒரு பக்கம் சாய்ந்த கிண்ணம் சப்பை மூக்கு நாய்களுக்கென்று விற்கிறது. 500 ரூபாய்க்கு மேல். சோறு எல்லாம் தாழ்ந்த பக்கத்தில் ஒதுங்கி நிற்கும், பின்னால் உயர்ந்த சுவர். லட்டுவுக்கு இது கச்சிதம். “இவ்ளோ நாள் மூக்கால தள்ளித் தள்ளி வீடெல்லாம் ஊர்வலம் போவான், இப்ப பாருங்க தம்பி, நின்ன இடத்துல நிக்கிறான்” என்றார் அக்கா. ஜிம்மிக்கு ஒத்துவரவில்லை. நீண்ட மூஞ்சியை அந்தக் கோணத்தில் நுழைக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது; கொஞ்சம் நீர்க்கக் கொடுத்தால் தாழ்ந்த விளிம்பு வழியாக வழிந்தும் போனது. இந்தக் கிண்ணங்களில் பல மெலமைனில் வருகின்றன. மெலமைனை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். சோற்றைச் சூடாக்கக் கிண்ணத்தோடு உள்ளே தள்ள யாராவது ஒருவர் இருப்பார்.

ஆப்பில் ஓடும் தானியங்கி ஃபீடர்களையும் விசாரித்தேன். பெரும்பாலானவை உலர் தீனி உருண்டைக்குத்தான். ஊறவைத்ததைப் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஐஸ் வைக்கும் வசதியோடு வட்டத் தட்டு சுழலும் வகை ஒன்று உண்டு. சித்திரை மாதத்தில் அந்த ஐஸை நம்பிக் கோழிச் சாதத்தை நான் வைக்க மாட்டேன்.

பீங்கானுக்கு வருவோம். நேராக நிற்கும் சுவரும் தடித்த அடியும் கொண்ட, கையில் எடுத்தால் கனக்கிற வகை. நகராது, கவிழாது, சுவர் தன் வேலையைச் செய்கிறது. ஸ்டீலில் கிடைக்காத ஒரு நன்மையும் இருக்கிறது: வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுச் சோற்றைப் போட்டால் இளஞ்சூடு கடைசி வரை நிற்கும். பல் இல்லாத நாய் மெதுவாகத்தான் சாப்பிடும், வயதானதற்கு மோப்பமும் மங்கியிருக்கும். சூடு இருக்கும்வரை வாசனை இருக்கும், வாசனை இருக்கும்வரை நாய் அந்த இடத்தை விட்டு நகராது. குறை என்றால் விலையும், கை தவறினால் ஆகும் கதியும். மேல் பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலோ விளிம்பு பெயர்ந்தாலோ தூக்கிப் போட்டுவிட வேண்டும். அந்த முனையில் உரசப்போவது வெறும் ஈறு. உள்பக்கம் கலர் கலராகப் பூ போட்ட மலிவுப் பீங்கானும் வேண்டாம். பூச்சில் ஈயம் கலந்த சரக்கு சந்தையில் உண்டு.

இத்தனைக்கும் பிறகு முதலிடம் பெட் ஷாப்பிலேயே இல்லாத ஒரு பொருளுக்குப் போகிறது. வட்டில். கஞ்சி குடிக்கவும் பழைய சோறு பிசையவும் நம் வீடுகளில் இருந்ததே, தட்டையான அடியும் செங்குத்தாக எழும் விளிம்பும் வைத்தது, அதுதான். பாத்திரக் கடையில் போய்க் கேட்டேன்.

“அண்ணாச்சி, ஓரம் நேரா நிக்கிற மாதிரி சின்ன வட்டில் இருக்கா?”

“கஞ்சிக்கா சார்?”

“நாய்க்கு. பல்லு இல்ல அதுக்கு.”

ஒரு நிமிடம் யோசித்தார். “அப்போ லேசு சரக்கு வேணாம், தள்ளிட்டே போயிரும். கனம் பார்த்து எடுங்க” என்று உள்ளே போய் மூன்று எடுத்து வந்தார். பெட் ஷாப்பில் ஒருவரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

நான் எடுத்தது குறுக்கே 17 சென்டிமீட்டர், சுவர் மூன்றரை. 200 ரூபாய்க்குள் முடிந்தது. ஜிம்மி அதில் சாப்பிட்டு முடித்தபோது தாளில் சிந்தியது தராசு காட்டும் அளவுக்கே இல்லை. சோறு சுவரோரம் ஒதுங்குகிறது, அவன் ஓரத்தைச் சுற்றியே நக்கிக்கொண்டு போகிறான், பாத்திரம் பளபளக்கிறது. அளவு எடுக்க நான் கண்ட வழி: மூக்கு நுனியிலிருந்து கண் ஓரம் வரை அளந்து, சுவர் அதில் பாதியைத் தாண்டாமல் பார்ப்பது. டாக்ஸ்ஹண்ட் மாதிரி நீள மூஞ்சிக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் போகலாம். பக்குக்கு வட்டில் சுவர் இடிக்கும், அதற்குச் சாய்ந்த கிண்ணமே சரி.

வாங்கும்போது விளிம்பின் உட்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். மடித்த இடம் விரலில் பிடித்தால் ஈறையும் கீறும்; மடிப்புக்குள் இடைவெளி இருந்தால் சோறு போய் அடையும். அடியும் சுவரும் சேரும் மூலை கூராக இருக்கக் கூடாது, விரல் நுனி உட்காரும் அளவுக்கு வளைவு வேண்டும். காந்தம் கொண்டுபோய் ஒட்டுகிறதா என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டாவிட்டால் 304 என்னும் நல்ல ரக ஸ்டீல் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்யும் 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. தயிரும் உப்பும் இரவெல்லாம் கிடந்தால் 202 சீக்கிரம் புள்ளி விழும். அடியில் பொறித்த எண்ணைப் பார்த்து, பில் போடும் கடையில் வாங்குவதுதான் வழி.

வட்டில் வழுக்கும், அதை மறைக்கவில்லை. கீழே ஈரத்துணி போட்டாலே நிற்கிறது. நான் பழைய மணைப்பலகை மேல் துணி விரித்து வைக்கிறேன். மூட்டு வலி உள்ள கிழட்டு நாய்க்குக் கழுத்தை அவ்வளவு தாழ்த்த வேண்டியதில்லை. பெரிய ஜாதி நாய் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்த்தி வைத்த பாத்திரத்தில் சாப்பிட்ட பெரிய நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுதலாகக் காணப்பட்டது. கிரேட் டேன் வீட்டில் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உயர்த்தாதீர்கள்.

பாத்திரம் எதுவானாலும் பதம் தவறினால் பயனில்லை. நீர்க்க இருந்தால் எதிலும் குடித்துவிடும். கட்டியாக இருந்தால் வெட்டப் பல் இல்லாமல் முழுசாக விழுங்கும்; கோழித் துண்டு தொண்டையில் நின்றுவிடும் பயம் அங்கே உண்டு. கரண்டியிலிருந்து நழுவி விழ வேண்டும், ஓடக் கூடாது. கடையில் வாங்கும் உருண்டைத் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மசித்தாலும் அந்தப் பதம் வரும். வட்டிலின் தட்டை அடியில் கட்டி இருந்தால் கண்ணுக்குத் தெரியும், ஆழக் கிண்ணத்தில் தெரியாது.

எறும்பு இருக்கிறதே, அதை எந்த வெளிநாட்டுப் பாத்திரக்காரனும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டான். மெதுவாகச் சாப்பிடும் நாய் பாதியில் தூங்கப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் சாரை கட்டிவிடும். கடித்தது நாக்கில் என்றால் அன்றைய சாப்பாடு அவ்வளவுதான். ஓரத்தில் அகழி வைத்த எறும்புத் தடுப்புக் கிண்ணங்கள் நம் ஊர்க் கடைகளில் விற்கின்றன. நல்ல யோசனைதான், சிந்திய சோறு அகழியில் விழுந்து நாறுவது மட்டும் தொந்தரவு. ஒரு தாம்பாளத்தில் விரல்கடை அளவு தண்ணீர் விட்டு, நடுவில் வட்டிலை வைத்தால் அதே வேலை நடக்கிறது.

தண்ணீர்ப் பாத்திரத்தை மாற்ற அவசியமே இல்லை. நாய் தண்ணீர் குடிப்பதில் பல்லுக்குப் பங்கு கிடையாது; நாக்கு நுனியைப் பின்பக்கம் மடித்துத் தண்ணீரை மேலே இழுத்து, அது விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. அதற்கு ஆழம் நல்லது. நாக்கு வெளியே தொங்கும் நாய்க்கு அது காய்ந்துவிடும் என்பதால் கூடுதலாக ஓர் இடத்தில், படுக்கும் மூலைக்குப் பக்கத்தில், இன்னொரு பாத்திரம் வையுங்கள். சோற்றுக்கு வட்டிலை இரண்டாக வாங்குங்கள். ஒன்று ஊறிக்கொண்டிருக்கும்போது அடுத்த வேளை வந்துவிடுகிறது.