முதல் மவுண்டன் பைக்: கியரை எண்ணாதீர்கள், பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்

சைக்கிள் கடையில் போய், ‘மலைப்பக்கம் ஓட்டுற மாதிரி ஒரு வண்டி வேணும்’ என்று கேட்டால், முதலில் காதில் விழுவது கியரின் எண்ணிக்கைதான். 21 கியர், 24 கியர் என்பார்கள். அடுத்து, முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்து, பார்க்க மோட்டார் பைக் மாதிரி இருக்கும் ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு வருவார்கள். 15,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். புதிதாக இதில் இறங்குகிற பலருடைய ஆசையும் அந்த வண்டியோடு முடிந்துவிடுகிறது. மேட்டில் மிதித்தால் பின் ஸ்பிரிங் அமுங்கி எழுந்து பாதி உழைப்பைத் தின்றுவிடும். இறக்கத்தில் கம்பி பிரேக் கையைக் கடுக்க வைக்கும். பிறகு வண்டி மொட்டை மாடிக்குப் போகும்.

இந்த விமர்சனத்துக்காக நான் ஓட்டியது வேறு வகை. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ‘ஹார்ட்டெயில்’. அலுமினியச் சட்டம், 29 அங்குலச் சக்கரம், 2.25 அங்குல அகல டயர், 100 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் ஃபோர்க், முன்னால் 2 பின்னால் 8 என 16 கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். எடை 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, விலை 32,000 ரூபாய். கம்பெனி பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. இந்த விலையில் பல கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே தர உதிரிபாகங்களைத்தான் பூட்டித் தருகின்றன. ஸ்டிக்கரைப் பார்ப்பதைவிட அமைப்பைப் பார்த்து வாங்குவதே பயன்.

ஓட்டிய இடம் ஏலகிரி. ஜோலார்பேட்டை ஜங்ஷனுக்குப் பக்கம், பொன்னேரியில் தொடங்கி 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே ஆயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில் சிறு சிறு ஊர்கள். அத்தனாவூரிலிருந்து நிலாவூர், மங்கலம் பக்கம் போனால் தார்ச்சாலையை விட்டுப் பிரியும் மண்தடங்கள் நிறைய. கொய்யா, பலாத் தோப்புகளுக்கு இடையே டிராக்டர் போன சுவடு, நடுவில் புல், ஓரத்தில் உருட்டுக்கல். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது கடினம். ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. விழுந்தாலும் விழுவது மண்ணில்.

கியர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்த வண்டியின் மிக எளிதான கியரில் முன்பல் 22, பின்பல் 32. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 1.6 மீட்டர் நகரும். 21 கியர் வண்டிகள் பலவற்றில் முன்பல் 24, பின்பல் 28. இதே அளவுச் சக்கரம் என்றால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர். அதாவது கியரின் எண்ணிக்கை கூடியும், மேட்டில் அந்த வண்டிதான் நம்மைக் கால்வாசி அதிகமாகப் படுத்துகிறது. ஆகவே கடையில் எத்தனை கியர் என்று கேட்க வேண்டாம். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேளுங்கள். 32-க்குக் குறைந்தால் மலைக்கு வேண்டாம்.

நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் இந்தக் கியரில் வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டரைக்கூடத் தொடாது. வேகமாக நடப்பவர் நம்மைத் தாண்டிப் போகலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை, ஏற்றம் ஏற வேண்டிய முறையே அதுதான். மூச்சு வாங்கினாலும் பக்கத்தில் வருபவரிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். சரளை நிறைந்த மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும். சீட்டின் முன் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கையைக் கீழே மடக்கினால் இரண்டு சக்கரமும் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. ஜிம்மில் ஒரே இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் வராத வேலை இது. இடுப்பும் வயிறும் முதுகும் நிற்காமல் சமநிலையைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன.

இனி பிரேக். எனக்கு இந்த வண்டியில் மிகப் பிடித்த பாகம் இதுதான். மவுண்டன் பைக் என்ற விளையாட்டின் தொடக்கத்திலேயே பிரேக்கின் கதை இருக்கிறது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி போன்ற இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மண்பாதையில் இறங்கினார்கள். அந்த சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்தின் அச்சுக்குடத்துக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். ஒரு இறக்கம் முடிவதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் சூட்டில் புகையாகிவிடும். குடத்தைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அப்படி மறுபடி மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் ‘ரீபேக்’ என்றே அந்தப் பாதைக்குப் பெயர் வைத்தார்கள். அங்கே முதல் பந்தயம் நடந்தது 1976 அக்டோபரில். இருபது ஆண்டு கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பந்தயம் இடம்பெற்றது.

ஹைட்ராலிக் பிரேக்கில் கம்பிக்குப் பதிலாகக் குழாய்க்குள் எண்ணெய். லிவரை ஒற்றை விரலால் அழுத்தினால் போதும். மற்ற விரல்கள் ஹேண்டில்பாரை விடவே வேண்டாம். கம்பி பிரேக்கில் நான்கு விரலும் இழுக்க வேண்டும், பாதி மலை இறங்குவதற்குள் முன்கை கல்லாகிவிடும். பிறகு ஒரு குழி வந்தால் பிடித்துக்கொள்ளக் கையில் பலம் மிச்சம் இருக்காது. தொடக்கக்காரர்களுக்கு அது பெரிய ஆபத்து.

பொன்னேரி நோக்கி இறங்கும்போது ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தி, பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரை முன் டிஸ்க்கின் மீது விட்டுப் பார்த்தேன். ‘சுர்’ என்று ஆவியாகிவிட்டது. தெரியாமல் விரல் வைத்தால் கொப்புளம்தான். நீண்ட இறக்கத்தில் லிவரை அழுத்தியபடியே வந்தால் இந்தச் சூடு ஏறிக்கொண்டே போகும், பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விரலைத் தளர்த்திவிட வேண்டும். முன்பிரேக்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். இறக்கத்தில் எடை முன்சக்கரத்துக்குப் போவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையதுதான். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பெடலும் சமமட்டத்தில் இருக்க, மெதுவாக அழுத்தினால் வண்டி கவிழாது. செயினுக்கு எண்ணெய் தெளிக்கும்போது ஒரு துளிகூட டிஸ்க்கில் படக் கூடாது. பட்டால் பிரேக் பேடை மாற்ற வேண்டி வரலாம்.

ஃபோர்க்கைப் பற்றி உற்சாகமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காற்று அழுத்தத்தில் இயங்கும் ஃபோர்க்கில் நம் எடைக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளலாம். இந்த விலையில் வருவது இரும்புச் சுருள். என் எடைக்குப் பரவாயில்லை. 55 கிலோ உள்ளவருக்கு முழுதாக அமுங்கவே அமுங்காது. தார்ச்சாலை ஏற்றத்தில் அதைப் பூட்டிவைக்கும் திருகு ஒன்று இருப்பது மட்டும் உதவி.

உண்மையில் நல்ல சஸ்பென்ஷன் டயருக்குள் இருக்கிறது. கடையிலிருந்து வந்தபோது டயரில் 45 பி.எஸ்.ஐ. காற்று இருந்தது. அந்த அழுத்தத்தில் கல்லின் மீது ஏறினால் சக்கரம் துள்ளி விலகியது, மணிக்கட்டு வலித்தது. 28-க்கு இறக்கியதும் அதே கல்லை டயர் அணைத்துக்கொண்டு ஏறியது. செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம் வண்டியையே மாற்றிவிட்டது. ரொம்பவும் இறக்கக் கூடாது. கல்லில் இடித்தால் டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். 65–75 கிலோ எடைக்கு 26 முதல் 30 வரை வைத்துப் பார்க்கலாம். மலையைவிடச் சமவெளியில்தான் பஞ்சர் அதிகம். சீமைக் கருவேல முள் எந்த டயரையும் மதிப்பதில்லை. ஏரிக்கரை, கண்மாய்க்கரையில் ஓட்டுகிறவர்கள் டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிவைப்பது நல்லது. ஒரு மாற்று டியூப், டயர் லிவர், கைப்பம்பு மூன்றும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

சீட்டின் உயரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். ஏற்றத்துக்கு இந்த உயரம். குறைந்தால் முழங்கால் வலி வரும். கரடுமுரடான இறக்கத்துக்கு முன் நிறுத்தி, இரண்டு மூன்று அங்குலம் இறக்கிவிட்டால் உடம்பை அசைக்க இடம் கிடைக்கும்.

மலைப்பாதையில் நடப்பதும் ஓடுவதும் சைக்கிள் ஓட்டத்துக்கு நல்ல துணை; ஆனால் சுமை வேறு. நடந்து இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. அதனால் வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படிக்கட்டு இறங்கும்போதுதான் தெரியும். சைக்கிளில் அந்த வலி குறைவு, உள்ளங்கையும் கழுத்தும்தான் முதலில் புகார் சொல்லும். முழங்காலில் தேய்மானம் உள்ளவர்களுக்கு நான் சைக்கிளையே முதலில் சொல்வேன். வாரத்தில் இரண்டு நாள் மண்பாதை, நடுவில் ஓய்வு, அவ்வளவு போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சட்டைப்பையில் கடலை மிட்டாய் இருக்கட்டும்.

காட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தைத் தொடங்கி, 40 பாதைகளுக்கு முன்பதிவு வசதி கொடுத்தது. நடப்பவர்கள் அதன் வழியே, வழிகாட்டியோடு போகலாம். சைக்கிளோடு காப்புக்காட்டுக்குள் நுழைய வேண்டாம். ஊர்களுக்கு இடையே உள்ள பொதுப்பாதைகளே போதும். தோப்பு வழியே போவதென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், ஆடு மாடு வந்தால் இறங்கி நில்லுங்கள். முறையான போட்டித் தடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பினால், 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்த பொன்முடி, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வாங்கலாமா? வாங்கலாம். ஹைட்ராலிக் பிரேக், 32 பல்லுக்குக் குறையாத பின் பல்சக்கரம், உங்கள் உயரத்துக்குச் சரியான சட்ட அளவு ஆகிய மூன்றும் இருந்தால் இந்த வகை வண்டி முதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு உங்களைத் தாங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மிச்சமாகும் தொகையில் ‘இ.என். 1078’ முத்திரை உள்ள, பின்மண்டையை மூடும் ஹெல்மெட்டும் ஒரு ஜோடி கையுறையும் வாங்குங்கள். அவை இல்லாமல் கடையிலிருந்து வண்டியை எடுக்காதீர்கள்.