யாருடைய பிறந்தநாள்? – ஒரு சுயவிமர்சனம்

புகலிடத் தமிழர் மத்தியில் குழந்தைகளின் பிறந்தநாள் நடத்தப்படும் விதம் பற்றி எம்மிடையே நீண்டகாலமாக ஒரு விமர்சனம் இருந்து வருகிறது. மண்டபம் எடுப்பது, இருநூறு பேரை அழைப்பது, குழந்தையின் உயரத்தை மிஞ்சிய கேக், வீடியோக்காரருக்காக வெட்டிய கேக்கையே திரும்பவும் வெட்டுவது, வந்த காசை இரவிலிருந்து எண்ணிக் கொப்பியில் பதிந்து வைப்பது. இவையெல்லாம் மத்தியதரவர்க்கப் பகட்டு என்றும் நுகர்வுக் கலாசாரத்தின் வெளிப்பாடு என்றும் சொல்லி வந்திருக்கிறோம். 1980களின் இறுதியில் நியூஜேர்சிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து நானும் இதைப் பேசியும் எழுதியும் வந்தவன். மண்டபத்துக்கு மாற்றாக நான் முன்வைத்தது ஒன்றுதான்: வீட்டிலேயே, நாலு குழந்தைகளுடன், எமது கையால் செய்த பலகாரங்களுடன் எளிமையாகக் கொண்டாடுவது. இந்த மாற்று இன்று பலராலும் ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் 'எமது கையால்' என்று எழுதியபோது அது யாருடைய கை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த விடுபடலைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் ஒரு வாதத்தை ஒதுக்கிவிட வேண்டும். பிறந்தநாள் எமது பண்பாடல்ல, வெள்ளைக்காரனிடம் கற்றது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேக்கும் மெழுகுதிரியும் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்வித்து வீட்டில் பாயசம் வைப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. பல்லுக்கொழுக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும், தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் செருகிய சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளைத் தலையில் கொட்டி, முன்னால் புத்தகம், பேனை, நகை என்று பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்ப்போம். குழந்தைக்காகவே உருவம் கொடுத்த பலகாரம், கூடியிருக்கும் அயல், ஒரு விளையாட்டு, மூன்றும் அதில் உண்டு. இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்தில் தன் பெயர் வருமா என்று காத்திருந்த தலைமுறைதான் இன்று 'எமதல்ல' என்கிறது.

யுத்தத்தினாலும் அதை நிறுத்த முடியவில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமற் போனது. ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்கை அங்கிருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நாட்களில் அக்கா எழுதிய ஒரு கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அரிசிமாவும் பனங்கட்டியும் சேர்த்துக் கிண்ணத்தில் அவித்து, தட்டில் கவிழ்த்து, அதுதான் கேக் என்று சொன்னாளாம். மெழுகுதிரிக்குப் பதிலாகப் பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கு. அவன் ஒரே ஊதில் அதை அணைத்துவிட்டான். நெருப்புக்குச்சியை மிச்சம் பிடிக்க வேண்டுமென்று யாரும் திரும்பக் கொளுத்தவில்லை. இருட்டிலிருந்தே எல்லோரும் சாப்பிட்டார்களாம். 'கனநாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் சிரிச்சம்' என்று எழுதியிருந்தாள். பகட்டு என்ற சொல்லை இதன்மேல் வைக்க எனக்கு மனம் வராது.

எமது விமர்சனத்துக்குக் கோட்பாட்டு ஆதாரமாக நான் அடிக்கடி எடுத்தாண்டவர் ரோலன் பார்த். 1957 இல் வெளிவந்த அவரது 'மிதொலொஜி' நூலில் அலங்காரச் சமையல் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. 'எல்' என்ற பிரெஞ்சுப் பெண்கள் சஞ்சிகையில் வந்த வண்ணப் படங்களை அதில் ஆராய்கிறார். பொன்னிறக் கவுதாரிகள், இளஞ்சிவப்புப் பூச்சுப் பூசிய கோழி என எல்லாமே மேற்பூச்சால் மூடப்பட்டவை. உணவின் இயல்பை மறைத்துக் கண்ணுக்கு மட்டும் பரிமாறும் சமையல் அது என்றும், அதை வாங்க வசதியற்ற வாசகிக்குத் தரப்படும் கனவு என்றும் அவர் விளக்குகிறார். எமது மண்டபக் கேக்குக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது. அந்தக் கேக்கின் மூன்று தட்டில் இரண்டு தட்டு ரெஜிபோமுக்கு மேல் பூசிய ஐசிங் என்பது எல்லோரும் அறிந்த இரகசியம்.

ஆனால் பார்த் அந்தப் படத்தை மேசையின் இப்பக்கத்திலிருந்துதான் பார்க்கிறார். அதிலுள்ளதைச் சமைத்தவள் எத்தனை மணிக்குப் படுத்தாள் என்பது அவரது கேள்வியல்ல. எனது கேள்வியாகவும் அது இருக்கவில்லை. கடையில் வாங்கியது பொய், வீட்டில் செய்தது மெய் என்று பிரித்துவிட்டு, மெய்யின் பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தை ஒழுங்காக வாசித்திருந்தால் 'எளிமை' என்ற சொல்லும் ஒரு மேற்பூச்சு என்பது தெரிந்திருக்கும். அது மூடி மறைத்தது உழைப்பை.

1990களின் நடுப்பகுதி, எடிசனில் எமது இரண்டறை வீடு. மகளின் பிறந்தநாளுக்கு முதல்நாள் இரவு. பகல் முழுவதும் ஒரு தொழிற்சாலையில் நின்று பொதி கட்டிவிட்டு வந்த மனைவி, பத்து மணிக்குமேல் ரோல்ஸுக்குக் கிழங்கு அவிக்கத் தொடங்கினாள். மாவைக் கரைத்து மெல்லிய தோசையாக வார்த்து, கறியை வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிக்க வேண்டும். கேக்குக்கு ஐசிங் இன்னும் போடவில்லை. நான் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் இருந்து, இதுபோன்ற ஒரு சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். "இஞ்சேருங்கோ, நுகர்வுக் கலாசாரம் நாளைக்கும் இருக்கும். இந்தத் தாச்சியை ஒருக்கால் இறக்கி விடுங்கோ" என்றாள். இறக்கினேன். இறக்கிவிட்டு எழுதப் போனேன். ஆர்லி ஹொக்‌ஷீல்ட் கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் வேலைக்குப் போகும் தம்பதியரின் வீடுகளில் இருந்து பார்த்து, வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு வீட்டில் காத்திருக்கும் இரண்டாவது ஷிப்ட் பற்றி எழுதிய நூல் 1989 இலேயே வந்துவிட்டது. அது எனது அலுமாரியிலும் இருந்தது.

இந்த உழைப்பைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதும் கவனத்துக்குரியது. நியூஜேர்சியில் ஒருத்தி தன் வீட்டுச் சமையலறையில் சுட்ட கேக்கை விற்பது 2021 ஒக்டோபர் வரை சட்டவிரோதம். ரெக்சாஸ் 2011 இலும் கலிபோர்னியா 2013 இலும் அனுமதித்ததை, வீட்டில் கேக் சுடும் பெண்கள் 2017 இல் வழக்குப் போட்ட பின்னரே இந்த மாநிலம் அனுமதித்தது. நாட்டிலேயே கடைசியாக வழிவிட்டது இதுதான். இரண்டு வருட அனுமதிப்பத்திரத்துக்கு 100 டொலர். வருடத்துக்கு 50,000 டொலருக்கு மேல் விற்கக்கூடாது. குளிரூட்டிப் பாதுகாக்க வேண்டிய எதையும் விற்கக்கூடாது. ஆகவே கேக்கும் பிஸ்கற்றும் இன்று சட்டத்துக்கு உள்ளே, இறைச்சி ரோல்ஸ் இன்னும் வெளியே. இவ்வளவு காலமும் எம்மவர் விழாக்களுக்கு ஓடர் எடுத்துச் செய்துகொடுத்த பெண்கள் பெயரில்லாமல், பற்றுச்சீட்டில்லாமல், பயத்தோடு செய்தவர்கள். இலவசமாகச் செய்தால் பாசம், காசு வாங்கினால் குற்றம் என்றிருந்த அந்த நிலை பற்றி நாம் ஒரு வரி எழுதவில்லை. எழுத முடிந்ததெல்லாம் ரோல்ஸின் சுவை பற்றித்தான்.

ஹூஸ்டனில் இருக்கும் நண்பரொருவர் ஒருமுறை வேறொரு சட்டத்தைப் பற்றிச் சொன்னார். பாடசாலைகளில் இனிப்பைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2004 இல் ரெக்சாஸில் வந்தபோது, பிறந்தநாளுக்குக் கப் கேக் கொண்டுபோக முடியாதா என்று பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். 2005 இல் சட்டமன்றம் தலையிட்டு, பிள்ளையின் பிறந்தநாளன்று பெற்றோரோ பாட்டன் பாட்டியோ தாம் விரும்பிய உணவை வகுப்புக்குக் கொண்டுவருவதைப் பாடசாலை தடுக்கக்கூடாது என்று சட்டமாக்கியது. கப் கேக்குக்கு ஒரு சட்டமா என்று இருவரும் சிரித்தோம். பிறகு யோசித்தேன். அந்தச் சட்டம் பாட்டனையும் குறிப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. என்னை இதுவரை தடுத்தது எந்தச் சட்டம்?

சென்ற வருடம் பிறீமொன்ரில் மகள்வழிப் பேரனுக்கு ஐந்து வயது. "அப்பா, இந்தமுறை கேக் உங்கடை பொறுப்பு. அதைப்பற்றி எழுதிறது இல்லை, செய்யிறது" என்று மகள் சொல்லிவிட்டாள். பேரன் கேட்டது ரயில் கேக். 1980 இல் வந்த 'ஆஸ்திரேலியன் விமென்ஸ் வீக்லி' பிறந்தநாள் கேக் புத்தகத்தின் அட்டையில் ஒரு ரயில் இருக்கும். மெல்பேணில் இருக்கும் மைத்துனி தன் பிரதியை அனுப்பியிருந்தாள். பெட்டி பெட்டியாகச் சுட்டு அடுக்கியபோது எனக்குள் ஓடியது யாழ்தேவி. 1956 இல் ஓடத் தொடங்கி, 1990 இல் வடக்கே வராமல் நின்று, 2014 இல் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்த ரயில். எஞ்சின் நெற்றியில் அந்தப் பெயரை ஐசிங்கால் எழுதுவதென்று தீர்மானித்திருந்தேன். பேரனைப் பக்கத்தில் இருத்திக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அம்மப்பா, தோமஸ் நீலம்" என்றான்.

மண்டபக்காரர் பிள்ளையை வைத்துத் தம் அந்தஸ்தைக் காட்டுகிறார்கள் என்று முப்பது வருடமாக எழுதியவன், அதே பிள்ளையின் கேக்கில் என் ஊரை ஏற்றப் பார்த்தேன். ஊர் நினைவு அந்தஸ்தைவிட உயர்ந்ததாக எமக்குத் தோன்றலாம். ஐந்து வயதுக்காரனுக்கு இரண்டும் பெரியவர்களின் அலுவல்தான்.

நீலம் காய்ச்சுவதும் இலேசாக இருக்கவில்லை. செயற்கைச் சாயங்களில் மகளுக்கு நம்பிக்கை இல்லை. சிவப்புச் சாயம் 3 க்கு உணவில் இருந்த அனுமதியை 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நீக்கிய பிறகு அது இன்னும் கூடிவிட்டது. சங்குப்பூத் தூள் தந்தாள். இனிப்பைக் குறைக்கலாமென்று நான் எலுமிச்சம் புளி விட்டேன். புளி பட்டதும் நீலம் ஊதாவாகிவிட்டது. "இது தோமஸ் இல்லை" என்று பேரன் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். புளியில்லாமல் இன்னொரு கிண்ணம் அடித்துப் பூசி முடிக்க இரவு ஒரு மணி. நாரி நோகத் தொடங்கிய பிறகுதான் எடிசன் வீட்டுச் சமையலறை எனக்கு விளங்கியது. மனைவி அன்று ஒன்பது மணிக்கே படுத்துவிட்டாள்.

மறுநாள் ஐந்து குழந்தைகள், இரண்டு மணித்தியாலம். எள்ளுருண்டை செய்யும் எண்ணத்தைக் கைவிட வேண்டியிருந்தது, ஒரு பிள்ளைக்கு எள்ளு ஒவ்வாது. பொதியிடப்பட்ட உணவில் எள்ளைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்பது 2023 ஜனவரியிலிருந்து இங்கே சட்டம். வீட்டில் பிடித்த உருண்டைக்குச் சிட்டை கிடையாது, தாய்மாரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். அதற்குப் பதிலாக அரிசிமாவை பீற்றூட், கரட், ரம்பைச் சாறுகளில் குழைத்துப் பிள்ளைகளிடமே கொடுத்தோம். பிடித்தவற்றில் ஒன்றேனும் கொழுக்கட்டைபோல் இருக்கவில்லை. டைனோசர், சப்பாத்து, யாருடையதோ மூக்கு. அவித்து எடுத்ததும் தாம் தாம் செய்ததைத் தேடித் தேடிச் சாப்பிட்டார்கள்.

இதனால் மண்டப விழாக்கள் மீதான விமர்சனத்தை நான் கைவிட்டதாகக் கொள்ளக்கூடாது. கடன்பட்டு மண்டபம் எடுக்கும் அகதிக் குடும்பத்தின் அவலம் இன்னும் இருக்கிறது. ஆனால் மண்டபமா வீடா, வாங்கியதா செய்ததா என்ற எமது அளவுகோல் போதாது. குழந்தை என்ன கேட்டது, முதல்நாள் இரவு யார் விழித்திருந்தார் என்பவற்றை விசாரிக்காத விமர்சனம் மேசையின் இப்பக்கத்து விமர்சனமாகவே இருக்கும். வீட்டில் செய்யும் விழா ஒரு மாற்றாக வேண்டுமென்றால், முதலில் மாற வேண்டியது வீட்டில் செய்பவர் யார் என்பதுதான்.

இது பற்றி எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் அந்த இரவுகளில் விழித்திருந்த பெண்கள். நான் எழுதியது தாச்சியை ஒருமுறை இறக்கிவிட்டுப் போனவனின் வாக்குமூலம் மட்டுமே. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. தாச்சியை ஒருமுறை இறக்கினது என்று எழுதியிருக்கிறியள், அண்டைக்கு எண்ணெயைச் சிந்தினதை எழுதேல்லை" என்றாள். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.