தரங்கம்பாடி தேவாலயமும் கலங்கிப்போன எழுத்தும்

போன மாதம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரங்கம்பாடி புதிய எருசலேம் தேவாலயத்தை லேப்டாப்பில் சுற்றிக் காட்டினேன். இணையத்தில் கிடைத்த 360 டிகிரி மெய்நிகர் சுற்றுலா ஒன்று. பாதிப் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. வகுப்பறைக்கே தேவாலயத்தைக் கொண்டுவந்துட்டோம்னு எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பத்து நிமிஷத்தில் அது இறங்கிப் போச்சு. மவுஸை வைத்துக் கூரையைச் சுழற்றுவதில்தான் எல்லாருக்கும் ஆர்வம். ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "சார், சுவத்துல ஏதோ எழுதியிருக்கே, என்னது?" பெரிதாக்கினேன். எழுத்து கலங்கிவிட்டது. குறிப்புகளோ ஆங்கிலத்தில், அதுவும் 'வாசல்', 'பலிபீடம்' என்ற அளவில்தான்.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தொல்லியல் துறை 1972-லேயே அவற்றைத் தொகுத்துப் புத்தகம் போட்டிருக்கிறது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யார், எதற்காக இறந்தார் என்பதை நடுகல் சொல்லும்.

தரங்கம்பாடியையும் அப்படியே படிக்கலாம். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரையும் 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. உள்ளே சீகன்பால்கின் கல்லறை. 1706-ல் வந்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, ஆலயம் திறந்த மறு வருஷமே 36 வயதில் இறந்தவர். அரசன், ஆண்டு, ஆள் மூன்றும் அங்கே இருக்கு. சுற்றுலா அதைக் காட்டாமல் கூரையைக் காட்டுகிறது.

தொழில்நுட்பத்திலும் ஒரு குறை. 360 டிகிரி படம் என்பது ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களை ஒட்டிய உருண்டை. தூண் எத்தனை அடி என்று அதில் அளக்க முடியாது. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் லேசரால் அளந்தது வேறு வகை. 2019 தீவிபத்துக்கு அப்புறம் சீரமைப்புக்கே அந்த அளவுகள் பயன்பட்டன.

நான் எல்லா ஊருக்கும் லேசர் கேட்கவில்லை. கல்வெட்டுகளுக்குக் கிட்டத்தில் எடுத்த படம், அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஆள், தமிழில் நாலு வரி. இவ்வளவு போதும். இந்தப் பிள்ளைகளில் பலர் தரங்கம்பாடிக்குப் போகவே வாய்ப்பில்லை. திரையில் பார்த்ததுதான் அவர்களுக்கு அந்த ஊர். அதனால்தான் கேட்கிறேன்.

அடுத்த முறை முதலில் ஒரு நடுகல் பக்கம் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லப்போகிறேன். லேப்டாப்பைத் திறப்பது அதற்கப்புறம்தான்.