மனம் மாறும் கணம்

ஒருவர் எடுக்கப்போகும் முடிவை மூளையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்கள். இக்கூற்றை எடைபோட இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

2008இல் நரம்பியல் ஆய்வாளர்கள் சூன், ஹெய்ன்ஸ் குழுவினர் செய்த ஆய்வு புகழ்பெற்றது. 14 பேர் இடப்பொத்தானையோ வலப்பொத்தானையோ விருப்பம்போல் அழுத்தினர். அம்முடிவின் சாயல் பல நொடிகளுக்கு முன்பே மூளை ஸ்கேனில் தெரிந்தது. கேள்வி கூர்மையானது, விடை மெலிந்தது. துல்லியம் ஏறத்தாழ 60 விழுக்காடு. காசைச் சுண்டினாலே 50 வரும். நூற்றுக்கு நாற்பது முறை தவறும் கணிப்பை நம்பி, மூளைவழி இயங்கும் சக்கர நாற்காலியை ஓட்ட முடியாது.

2021இல் 'நேச்சர்' இதழில் பெய்ஷோட்டோ, நியூசம், மறைந்த கிருஷ்ண ஷெனாய் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு வேறு தரம். திரையில் சிதறி நகரும் புள்ளிகளின் திசையை இரு குரங்குகள் தீர்மானித்தன. கையசைவை ஆளும் மூளைப்பகுதிகளில் பதித்த மின்முனைகள்வழி, அத்தீர்மானம் எப்பக்கம், எவ்வளவு சாய்கிறது என்பதைக் கணினி உடனுக்குடன் கணித்தது. சாய்வு குறித்த அளவைத் தொட்டதும் புள்ளிகள் மறைந்தன. குரங்கு அக்கணமே விடை சொல்ல வேண்டும். கணிப்பைக் கொண்டே சோதனையை நடத்திய இத்துணிவுதான் ஆய்வின் சாதனை. சாய்வு திசைமாறிய கணங்களையும் பிடித்தார்கள். அவை புள்ளிகள் தெளிவற்றபோது மிகுந்தன; பெரும்பாலும் தவறிலிருந்து சரிக்குத் திரும்பின. மனமாற்றம் எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருந்தன. வெறும் இரைச்சல் என்று ஒதுக்க இயலாத சான்று இது.

குறை, களத்தின் குறுக்கத்தில் இருக்கிறது. வழி இரண்டே. கடையநல்லூரில் பேருந்துக்கு நிற்பவர் தென்காசிப் பக்கமும் போகலாம், புளியங்குடிப் பக்கமும் போகலாம், ஒன்றும் வேண்டாமென்று வீடு திரும்பவும் செய்யலாம். மூன்றாம் வழிக்கு இச்சோதனையில் இடமில்லை. படித்தது முடிவையா, கை நீட்டும் ஆயத்தத்தையா என்ற ஐயமும் முழுதும் தீரவில்லை. இரண்டும் ஒரே நரம்பணுக்களில் பின்னிக் கிடக்கின்றன.

முடிவெடுத்தலின் அறிவியலாக இந்த இரண்டாம் ஆய்வு முதல் வரிசை ஆய்வு என்பதே என் தீர்ப்பு. கை கால் வழங்காதவருக்கான கருவிக்கு அடித்தளமாகப் பார்த்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. சாய்வு அளவைத் தொட்டவுடன் கருவி செயலில் இறங்கினால், மனம் மாற நேரமிராது. பொறுத்தால் வேகம் போகும். எவ்வளவு பொறுப்பது என்பதை அக்கருவியோடு வாழப்போகிறவரை வைத்தே அளக்க வேண்டும். அந்த அளவீடு இவ்வாய்வில் இல்லை.