கல்லில் சுரம், மணலில் சொல்

1960 பிப்ரவரியில் பெர்லின் மேடையில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்ட் 'மேக் த நைஃப்' பாடிக்கொண்டிருந்தார். பாதியில் வரிகள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. மறந்துவிட்டேன் என்பதையே வரியாக்கி, அங்கேயே சொற்களைக் கட்டிப் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்கு கிராமி விருதும் கிடைத்தது. சொல் கைவிட்டபோது மெட்டு தாங்கிக்கொண்டது.

ஜாஸ்காரர்கள் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லும் பாட்டின் இயல்பு இது. மெட்டு ஊரறிந்தது, அதை எப்படி வளைப்பது, எங்கே தாமதிப்பது என்பது பாடுகிறவர் பொறுப்பு. ஃபிட்ஜெரால்டே 1956இல் பாடலாசிரியர் கோல் போர்ட்டரின் 32 பாடல்களை இரட்டை இசைத்தட்டாகப் பாடி வெளியிட்டார். ஒருவருடைய பாடல்களை ஒரு குரலில் தொகுத்துத் தரும் தட்டுகளுக்கு அது முன்மாதிரியாக நின்றது.

நம் கச்சேரி மரபில் இதற்கு இணை தேடினால் கீர்த்தனைகள் அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. தியாகராஜர் கிருதிகளுக்கு உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சீடர் வழிகள் உண்டு. மெட்டில் கைவைத்தால் 'பாடாந்தரம் என்ன ஆயிற்று?' என்று கேட்க ஆள் இருக்கிறது. அப்படிக் கேட்க ஆளில்லாத ஒரு தொகுதியும் நம்மிடம் இருக்கிறது: சதாசிவ பிரம்மேந்திரரின் பாடல்கள். அதைத் தேடிப் போனால் வழி புதுக்கோட்டைக்கு வந்து சேர்கிறது.

தொண்டைமான் மன்னர் விஜயரகுநாதராயர் (ஆட்சி 1730–1769) திருவரங்குளம் காட்டில் பிரம்மேந்திரரைக் கண்டு உபதேசம் வேண்டினார். 1738ஆம் ஆண்டு என்பது சமஸ்தான வரலாறு தரும் கணக்கு. சதாசிவர் மௌனி, வாய் திறக்கவில்லை. மணலில் விரலால் எழுதிக் காட்டினார். மன்னர் அந்த மணலையே அள்ளிக் கொண்டுவந்து அரண்மனையில் வைத்து வழிபட்டார். அந்த மௌனியின் பாடல்கள்தான் இன்று துக்கடா நேரத்தில் அடிக்கடி ஒலிக்கின்றன என்பது விநோதம்தான்.

இதே மாவட்டத்தின் குடுமியான்மலையில் இதற்கு நேர் எதிரான சான்று ஒன்று பாறையில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு எழுத்தமைதி கொண்ட அந்த இசைக் கல்வெட்டு, மத்தியமகிராமம் தொடங்கிக் கைசிகம் வரை ஏழு பண்முறைகளுக்குச் சுரம் தருகிறது. நான்கு நான்கு எழுத்தாக அடுக்கிய சுரங்கள். ஒரே சுரமே ச, சி, சு, செ என்று உயிர் மாறி வருகிறது. பயிற்சிக்கு எழுதியது என்பது பார்த்தாலே தெரியும். அங்கே சுரம் உண்டு, சாகித்தியம் இல்லை. சதாசிவரிடமோ சாகித்தியம் உண்டு, சுரம் இல்லை. 'பரமஹம்ஸ' முத்திரையோடு இருபத்துச் சொச்சம் வடமொழிப் பாடல்கள் கிடைத்திருக்கின்றன. அவர் பாடிய மெட்டு இதுதான் என்று காட்டும் குறிப்பு கிடைக்கவில்லை.

ஆக, இந்தப் பாடல்களைப் பதிவுசெய்த ஒவ்வொரு தலைமுறையும் யாரோ பிற்காலத்தில் கட்டிய மெட்டைத்தான் பாடியிருக்கிறது. 'மானஸ சஞ்சரரே' பாட்டுக்குச் சாமா ராகம் ஒட்டிக்கொண்டது. நிஷாதமே இல்லாத ராகம். காந்தாரமும் இறங்கும்போதுதான் தலைகாட்டும். அவசரப்பட இடம் தராத அந்த நடை, மனத்தை உலாவச் சொல்லும் பாட்டுக்குப் பொருந்திவிட்டது. 1980இல் 'சங்கராபரணம்' படத்துக்காக கே.வி. மகாதேவன் இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் வாணி ஜெயராமும் பாடியபின், கச்சேரிக்கே வராதவர்கள் காதிலும் அது நிலைத்தது. 'பஜரே கோபாலம்' ஹிந்தோளத்தில் ஏறக்குறைய உறைந்துவிட்டது. 'பிபரே ராமரஸம்' அப்படி அடங்கவில்லை: யமுனாகல்யாணியில் கேட்டால் குழைவு, ஆஹிர் பைரவில் கேட்டால் ஏக்கம். சொல் ஒன்று, பாட்டு இரண்டு. 'ஸர்வம் ப்ரஹ்மமயம்' பாட்டையும் செஞ்சுருட்டியில் ஒருவர், சிவரஞ்சனிச் சாயலில் மற்றொருவர் என்று பாடுகிறார்கள்.

இத்தனை மாற்றத்தையும் தாங்குவதற்குக் காரணம் பாட்டின் கட்டுமானம். சிறிய பல்லவி, இரண்டிரண்டு வரிச் சரணங்கள், ஒரே ஓசையில் முடியும் அடிகள். சங்கதிகளை அடுக்கிப் பெரிதாக்கிய கிருதியில் இந்த இடைவெளி இருக்காது. முப்பத்திரண்டு பார்களுக்குள் முடியும் ஜாஸ் பாட்டும் இந்தச் சிக்கனத்தால்தான் பலர் கைக்கு அடங்குகிறது.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. போர்ட்டர் தட்டை எடுத்தால் பாட்டு யாருடையது என்பதோடு, படி பிரெக்மன்தான் அதற்கு வாத்திய இசையை அமைத்தவர் என்பதும் தெரியும். நம் சதாசிவர் தொகுப்புகளின் உறையில் இயற்றியவர், ராகம், தாளம், பக்கவாத்தியம் எல்லாம் இருக்கும். மெட்டமைத்தவர் பெயரைப் பெரும்பாலும் காண முடியாது. பாதிப் பாட்டை ஆக்கியவர் அவர். 'இயற்றியவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர் மறைந்துபோகிறார். அதைப் படிக்கும் இளம் பாடகர் அந்த ராகத்தை சதாசிவரே தந்தார் என்று நம்பி, வேறு வழி யோசிக்கவே தயங்குகிறார். மெட்டமைத்தவர் பெயரைப் போட்டால் அவருக்கு உரியது அவரைச் சேரும். அடுத்தவருக்கும் துணிவு வரும்.

திருவரங்குளத்தில் மணலை அள்ளிய கணத்திலேயே எழுத்து கலைந்திருக்கும். அரண்மனைக்கு வந்து சேர்ந்தது வெறும் மணல்தான். ஆனாலும் அதில் எழுதிய விரல் யாருடையது என்பதைப் புதுக்கோட்டை மறக்கவில்லை. நமக்கோ மெட்டு சிதையாமல் காதில் இருக்கிறது, விரல்தான் மறந்துபோயிற்று.