சாண்ட்விச்சுக்கு ஒரு கருக்குக் கத்தி: விக்டோரினாக்ஸ் 11 செ.மீ.

சமையலறையில் உள்ள கத்திகளுள் மிகக் கூர்மையானதே எந்த வேலைக்கும் ஏற்றது என்னும் பொதுவான நம்பிக்கை சாண்ட்விச் விஷயத்தில் செல்லுபடியாவதில்லை. மெத்தென்ற ரொட்டி, வழுக்கும் தோலுடைய தக்காளி, குழைந்த உருளைக்கிழங்கு, நீர் கசியும் வெள்ளரி என ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பொருள்களின் அடுக்காகவே சாண்ட்விச் அமைந்திருப்பதால், மேலிருந்து சற்றே அழுத்தினாலும் ரொட்டியின் காற்றறைகள் நசுங்கி, உள்ளே வைத்தவை ஓரங்களில் பிதுங்கி விடுகின்றன. ஆகவே இதற்குரிய கத்தியை, அழுத்தாமல் அறுக்க இயலுமா என்ற ஒரே அளவுகோலால் மதிப்பிடுவதே முறை. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884-இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் 11 செ.மீ. தக்காளிக் கத்தி, அந்த அளவுகோலின்படி இங்கே ஆராயப்படுகிறது.

இக்கத்தியின் வாய், அதாவது வெட்டும் ஓரம், நேர்கோடாக அமையாமல் சிறுசிறு அலைகளாக நெளிந்து செல்கிறது. இத்தகைய பல்வரிசையைக் குறிக்கத் தமிழில் கருக்கு என்னும் சொல் உண்டு. பனைமட்டையின் ஓரத்தில் கையைக் கிழிப்பதும் கருக்கு, நெல்லறுக்கும் கருக்கரிவாளில் இருப்பதும் கருக்கு. பிடிகொடுக்காமல் வளையும் நெற்றாளைப் பற்றி இழுத்தறுக்கப் பற்கள் உதவுவது போலவே, அமுங்கும் ரொட்டியையும் நழுவும் தக்காளித் தோலையும் அறுக்க அவை உதவுகின்றன. கை தரும் விசை வாய் முழுவதும் பரவாமல் பற்களின் நுனிகளில் மட்டும் குவிவதால் மேற்பரப்பு எளிதில் கிழிபடுகிறது. பிறகு முன்னும் பின்னும் இழுக்கும் அசைவே மீதி வேலையைச் செய்து விடுகிறது. பற்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் பலகையைத் தொடுவதில்லை என்பதால் அவற்றின் கூர்மை நெடுநாள் நிற்கிறது.

சோதனைக்கு மும்பைச் சாலையோரச் சாண்ட்விச்சைவிடக் கடுமையான தேர்வு கிடைப்பது அரிது. வெண்ணெயும் பச்சைச் சட்னியும் தடவிய ரொட்டிகளுக்கிடையே வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம் ஆகியவற்றை வில்லைகளாக அடுக்கி, பெரும்பாலும் ஆறு துண்டுகளாக வெட்டித் தருவது அங்குள்ள வழக்கம். காய்களை வில்லையாக்கும் முதற்கட்டத்தில் இக்கத்திக்கு நிகரில்லை எனலாம். பழுத்த தக்காளியின் மீது கத்தியை வைத்து, கத்தியின் எடை மட்டுமே அழுத்தும்படி ஒருமுறை இழுத்தால் தோல் பிளந்து விடுகிறது. விதையும் சாறும் பலகையில் கொட்டாமல், மறுபுறம் தெரியுமளவு மெல்லிய வில்லைகள் விழுகின்றன. வேகவைத்த உருளைக்கிழங்கு மட்டும் அலகில், அதாவது கத்தியின் தகட்டுப் பகுதியில், ஒட்டிக்கொள்கிறது. அது எந்தக் கத்தியிலும் ஒட்டும் என்பதால் இதனைத் தனிக்குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

தடவும் வேலையில் முனை மழுங்கியிருப்பது பெருநன்மை. கூர்முனை ரொட்டியைக் குத்திக் கிழிக்கக்கூடிய இடத்தில் இம்முனை வழுக்கிச் செல்வதால், ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும் வெண்ணெய்ப் படலத்தை ஓரம் வரை கொண்டு செல்ல முடிகிறது. ஆனால் அலகு ஒடுக்கமானது ஆகையால் ஒருமுறைக்குச் சிறிதளவு வெண்ணெயே ஏறும். நூறு ரொட்டிக்குத் தடவும் கடைக்காரர் அகன்ற அலகுள்ள தடவு கத்தியைத் தனியே வைத்திருப்பதன் காரணம் இதுவே.

அடுக்கி முடித்த சாண்ட்விச்சை வெட்டும் கட்டத்தில்தான் இக்கத்தியின் எல்லை புலப்படுகிறது. பக்கத்துக்கு 11 செ.மீ. உள்ள சதுர ரொட்டியின் மூலைவிட்டம், அதாவது மூலைக்கு மூலை உள்ள தொலைவு, ஏறத்தாழ 15.5 செ.மீ. அறுப்பதற்கு அலகு முன்னும் பின்னும் நகர இடம் வேண்டும். வெட்டுக்கோட்டைவிட அலகே குட்டையாக இருக்கும்போது கத்தியை இடம் மாற்றி மாற்றி வைக்க நேர்வதால், வெட்டு ஒரே கோடாக அமையாமல் படிப்படியாக முறிகிறது. முக்கோணமாக வெட்ட விரும்புவோருக்கு 20 செ.மீ.க்கு மேற்பட்ட ரொட்டிக் கத்தியே பொருந்தும். மேலும், ஒடுங்கிய அலகு அடித்துண்டை எட்டுமுன் விரல் முட்டிகள் பலகையில் இடிக்கின்றன. பிடியை அலகைவிட உயர்த்தி வைத்த படிக்கத்தி எனத்தக்க வகை இந்த இடர்ப்பாட்டுக்காகவே உருவானது. அது இல்லாதோர் சாண்ட்விச்சைப் பலகையின் விளிம்புக்கு நகர்த்தி, கை வெளியே தொங்குமாறு வைத்து அறுக்கலாம்.

வெட்டும் முறை கத்தியளவுக்கே முக்கியமானது. இடக்கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வெட்டுக்கோட்டின் இருபுறமும் பாலம்போல் ஊன்றி, முதல் இழுப்பில் மேல்ரொட்டியை மட்டும் கீறி, அதன் பிறகே நீண்ட இழுப்புகளால் கீழிறங்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே அலகைத் துடைக்காவிட்டால், பீட்ரூட்டின் சிவப்பு அடுத்த துண்டின் வெள்ளை ரொட்டியில் தீட்டிவிடும். இவ்வகைக் கத்திகளுள் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டப்பட்டிருப்பதால் வெட்டு ஒருபக்கம் சாயும் இயல்புண்டு. இடக்கைப் பழக்கமுள்ளோர் இதனை மிகுதியாக உணர்வர்.

நிறுவனத்தின் பெயரிலேயே துருப்பிடிக்காத எஃகு இடம்பெற்றுள்ளது: நிறுவனரின் தாய் விக்டோரியாவின் பெயரோடு, அவ்வெஃகைக் குறிக்கும் இனாக்ஸ் என்னும் பிரெஞ்சு வழக்கு 1921-இல் இணைந்தது. ஆயினும் புளிப்பும் உப்பும் உள்ள சட்னி படிந்த அலகை அப்படியே காயவிடுவது நல்லதன்று. எவர்சில்வர் தட்டின் மீதோ கிரானைட் மேடையின் மீதோ வைத்து அறுக்கும் வழக்கம் பற்களின் நுனியை விரைவில் மழுக்கும். மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ போதுமானது.

நாளொன்றுக்கு நான்கைந்து சாண்ட்விச் செய்யும் வீட்டுக்கு, துண்டுகளை நீளவாக்கில் வெட்டுவதில் மறுப்பில்லையெனில், தடவவும் அரியவும் அறுக்கவும் இந்த ஒரு கத்தியே போதும். கடை நடத்துவோர் நீண்ட படிக்கத்தியை முதலில் வாங்கி, இதனைத் தக்காளிக்கென்று துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் இதனைக் கொடுக்க வேண்டாம். சுழலும் சாணைக்கல்லில் ஒருமுறை பிடித்தாலே கருக்கு தேய்ந்துபோகும்.