பொட்டாசியம் கொடுத்ததும் கெடுத்ததும்

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியம் சூட்டில் ஆவியாகி ஒளிர்வதே அதற்குக் காரணம். அதன் இனமான பொட்டாசியத்துக்குச் சூட்டை இன்னும் ஏற்றினால் அணுவிலிருந்து எலக்ட்ரானே கழன்றுவிடும். சுடர் மின்சாரத்தைக் கடத்தும். எந்த வெப்பத்தில் எவ்வளவு கழலும் என்ற கணக்கை 1920இல் உலகுக்குத் தந்தவர் இயற்பியலாளர் மேகநாத சாகா.

அந்தக் கணக்குக்குத் திருச்சி அருகிலுள்ள துவாக்குடி வட்டாரத்தோடு உறவு உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையமும் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனமும் சோவியத் துணையோடு திருச்சியில் 5 மெகாவாட் வெப்பத்திறனுள்ள எம்.எச்.டி. (காந்தப்பாய்ம இயக்க) மின்னாக்கச் சோதனை நிலையத்தை அமைத்தன. நிலக்கரி வாயுவை 2,000 டிகிரிக்கு மேல் எரித்து, பொட்டாசிய உப்பைத் தூவி, காந்தப் புலத்தின் ஊடே பாய்ச்சினால், இருபுறச் சுவர்களிலுள்ள மின்முனைகளில் நேரடியாக மின்சாரம் எடுக்கலாம்.

இதன் பலம் பெரிது. சுழலும் பாகம் இல்லை. நீராவி டர்பைன் சுமார் 600 டிகிரியில் திணறி நின்றுவிட, இது அதற்கு மேலுள்ள சூட்டையும் பயன்படுத்துகிறது. வெளியேறும் வாயுவில் பாய்லரையும் ஓட்டலாம். நிலக்கரியின் கந்தகத்தையும் பொட்டாசியம் பிடித்துக்கொள்கிறது.

குறையும் அதே பொட்டாசியத்தில்தான். மின்சாரம் தரும் ஆவி, பீங்கான் சுவரின் நுண்துளைகளில் புகுந்து அரிக்கிறது. குளிரவைத்த உலோக மின்முனையில் தீப்பொறி வில் விழுந்து குழி பறிக்கிறது. தூவிய உப்பை மீட்காவிட்டால் செலவு கட்டாது.

சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றி, சீசியம் ஆவியைக் கொண்டு இயங்கும் வெப்ப அயனி மின்னாக்கியிலும் இதே முடிச்சு. டங்ஸ்டன் மீது சீசியம் படிந்தால் எலக்ட்ரான் வெளியேறத் தேவையான ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் 1987இல் சோவியத் ஏவிய இரு டோபாஸ் விண்வெளி உலைகளும் சீசியம் தீர்ந்ததும் ஓர் ஆண்டுக்குள் ஓய்ந்தன.

என் தீர்ப்பு இதுதான்: வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக்கும் இந்த வழி இயற்பியலில் தோற்கவில்லை, கட்டுமானப் பொருளில் தோற்றது. சுழலும் பிளேடுகளின் உலோகத்தைப் பல பத்தாண்டுகள் பொறுமையாகச் செப்பனிட்ட எரிவாயு டர்பைன்கள், நீராவிச் சுழற்சியோடு சேர்ந்து இன்று 60 சதவீதத் திறனைத் தாண்டிவிட்டன.

பொட்டாசியத்தோடான பகை இன்னும் தீரவில்லை. வைக்கோலை எரிக்கும் பாய்லர்களில் குழாய்களை அரிப்பதும் பொட்டாசியமே. காவிரி டெல்டாவின் வைக்கோலும், பெல்லின் பாய்லர் அனுபவமும், துவாக்குடி என்.ஐ.டி.யின் உலோகவியல் துறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. மாணவர்களே, அரிப்பைத் தாங்கும் உலோகத்தை முதலில் தேடுங்கள். இயந்திரத்தைப் பிறகு கட்டலாம்.